புத்தலையில் நிறைவேறிய உடன்படிக்கை: அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோவின் வாழ்வு

மலையகத் தமிழரின் வரலாற்றில் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து வந்த எமது முன்னோர், தோட்டத்தில் காலடி வைக்கும் முன்னரே கடனாளிகளாயினர். அந்தக் கடன் தொகையைக் குறித்துத் துரைமார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, ஒரு குடும்பத்தையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குக் கைமாற்றும் பத்திரமாக இருந்தது. துண்டு முறை என்று மக்களால் அழைக்கப்பட்ட அந்த ஏற்பாடு 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை இலட்சம் பேர் குறித்துப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என இரு அரசாங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. வடக்கு, கிழக்குத் தமிழரைப் பொறுத்தவரையில் 1957 ஆம் ஆண்டின் பண்டா–செல்வா ஒப்பந்தமும் 1965 ஆம் ஆண்டின் டட்லி–செல்வா ஒப்பந்தமும் எவ்வாறு முடிந்தன என்பதை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலினால், உடன்படிக்கை என்ற சொல்லை உயிரினும் மேலாக மதித்து, அதன் பொருட்டு ஊவா மாகாணத்தின் ஒரு மண் வீட்டில் உயிர் நீத்த ஒருவரின் கதை எமது வாசகர்களுக்குச் சற்றுப் புதுமையாகவே தோன்றக்கூடும். அவர் தமிழருமல்லர், முஸ்லிமுமல்லர். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கத்தோலிக்கக் குரு. அவர் கொல்லப்பட்ட 1987 நவம்பர் 10 ஆம் திகதியன்று, யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையில் போர் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. வடக்கிலே பிணங்கள் குவிந்துகொண்டிருந்த அந்நாட்களில், மொனறாகலை மாவட்டத்தின் ஒரு மூலையில் ஒரு பாதிரியார் சுடப்பட்ட செய்தி தமிழ் வாசகர் மனதில் பதியாமற் போனதில் வியப்பில்லை. எனினும் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோவை நாம் அறியாதிருப்பது எமக்கே இழப்பாகும்.

அவருடைய வாழ்வினைச் சொல்லுமுன், அவர் பற்றி நின்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் நலம்.

கிறிஸ்தவர்கள் தமது வேதத்தின் இரு பகுதிகளையும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று அழைக்கின்றனர். ஏற்பாடு என்பது இங்கு உடன்படிக்கையையே குறிக்கும். எபிரேய மொழியில் அதற்குப் பெரீத் என்று பெயர். வெள்ளம் வடிந்த பின்னர் நோவாவுடனும், அவருடன் பேழையிலிருந்து வெளிவந்த உயிரினங்கள் அனைத்துடனும் இறைவன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு வானவில் அடையாளமாயிற்று. ஆபிரகாமுடன் செய்யப்பட்டது இன்னும் ஆழமானது. அக்கால வழக்கப்படி உடன்படிக்கை செய்வோர் பலிமிருகங்களை இரு துண்டாக வெட்டி வைத்து அவற்றின் நடுவே நடந்து செல்வர். வாக்குத் தவறினால் இந்த மிருகத்தின் கதியே எனக்கும் நேரட்டும் என்பது அதன் பொருள். ஆனால் தொடக்கநூல் கூறும் நிகழ்விலே ஆபிரகாம் நடக்கவில்லை. அவர் ஆழ்ந்த உறக்கத்திலிருக்க, இறைவனின் அடையாளமான தீப்பந்தம் மட்டுமே அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து செல்கின்றது. வலியவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்கின்றார். எளியவர் மீது தண்டனை எதுவும் சுமத்தப்படவில்லை. துண்டுச் சீட்டு முறைக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டினை நாம் எடுத்துக்கூற வேண்டுமா?

எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இவை அந்நியமான செய்திகளல்ல. மீஸாக் என்ற சொல்லும், நபி இப்ராஹீம் அவர்களுடனும் இஸ்ராயீலின் சந்ததியினருடனும் இறைவன் செய்துகொண்ட வாக்குறுதிகளும் திருக்குர்ஆனில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐந்தாவது அத்தியாயமான அல்மாயிதா, விசுவாசிகளுக்கு அவர்களது உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு இடும் கட்டளையுடன் தொடங்குகின்றது. அந்த அத்தியாயத்தின் பெயருக்கு உணவு பரப்பப்பட்ட விரிப்பு என்பது பொருள். நபி ஈஸா அவர்களிடம் அவருடைய சீடர்கள் வானத்திலிருந்து ஓர் உணவு விரிப்பை வேண்டிய நிகழ்ச்சி அதில்தான் இடம்பெறுகின்றது. உடன்படிக்கையும் உணவும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே அமைந்திருப்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கையிலும் அவ்வாறே. இயேசு தமது மரணத்திற்கு முந்திய இரவில் சீடர்களுடன் அமர்ந்து அப்பத்தைப் பிட்டு, கிண்ணத்தை எடுத்து, தமது இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை அது என்று கூறியதாக மூன்று நற்செய்தி நூல்கள் உரைக்கின்றன. நான்காவது நூலை எழுதிய யோவான் அந்த இராவுணவை விவரிக்கும்போது அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றிய அந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இயேசு மேலங்கியைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதை எழுதுகின்றார். அக்காலத்தில் வீட்டிலுள்ள அடிமைகளிலும் கடைநிலையினரின் வேலை அது. கிண்ணம் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்கின்றது. உடன்படிக்கையும் ஊழியமும் ஒன்றே என்பதைக் கிறிஸ்தவ அறிஞர் பலர் இந்த இடத்திலிருந்தே விளங்கிக்கொள்கின்றனர். மைக்கல் ரொட்ரிகோ அதை நூலிலே விளங்கிக்கொண்டதுடன் நின்றுவிடவில்லை.

அவர் 1927 ஜூன் 30 ஆம் திகதி தெஹிவளையில் பிறந்தார். அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்து ரோமாபுரியில் கற்று, 1954 இல் குருவானார். தாயகம் திரும்பியதும் கண்டிக்கு அண்மையிலுள்ள அம்பிட்டிய குருமடத்தில் விரிவுரையாளரானார். 1893 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக அங்கு நிறுவிய குருமடம் 1955 இல் பூனே நகருக்கு மாற்றப்பட, அதேயிடத்தில் இலங்கையின் தேசிய குருமடம் தொடங்கிற்று. மலைச்சரிவிலே அமைந்த அந்தக் கம்பீரமான கட்டடத்தில் அவர் பல ஆண்டுகள் மெய்யியல் கற்பித்தார். கூர்மையான மதி, கவிதையிலும் நாடகத்திலும் ஈடுபாடு, பல மொழிப் பயிற்சி ஆகியன ஒருங்கே வாய்த்தவர் என்பதால் மாணவர்கள் அவரைப் பெரிதும் விரும்பினர்.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கத் திருச்சபையின் கதவுகளைத் திறந்துவிட்டது. ஏனைய சமயங்களில் உண்மையும் புனிதமும் எவையோ அவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என அச்சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட பிரகடனம் அறிவித்தது. இஸ்லாமியரை மதிப்புடன் நோக்கி, கடந்த காலப் பகைமைகளை மறந்துவிட வேண்டுமென்றும் அது கேட்டுக்கொண்டது. ஐரோப்பியருக்கு அது புதுக்கொள்கை. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள் நடுவே சிறுபான்மையினராக வாழும் இலங்கைக் கத்தோலிக்கருக்கோ அது அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்வி. ரொட்ரிகோ பௌத்தத்தை ஆழமாகக் கற்றார். பாரிஸ் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1973 இல் அவர் பெற்ற கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வு, தன்னலத்திலிருந்து தன்னலமின்மைக்குக் கடந்து செல்லுதல் பற்றியது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கடந்து சென்றதை நினைவுகூரும் பாஸ்காவை ஒருபுறமும், நான் என்ற பற்றினைக் களையச் சொல்லும் பௌத்தத்தின் அனாத்மக் கொள்கையை மறுபுறமும் வைத்து, கிறிஸ்தவத்திலும் இந்நாட்டின் ஏனைய சமயங்களிலும் அந்தக் கடத்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்று அவர் ஆராய்ந்தார்.

இத்தகைய பட்டத்துடன் திரும்பும் ஒருவரிடம் உலகம் என்ன எதிர்பார்க்கும்? ஒரு பேராசிரியர் பதவி, சில தடித்த நூல்கள், அனைத்துலக மாநாடுகளுக்கான விமானச் சீட்டுகள். அவரோ ஊவாவுக்கு வந்தார்.

வந்ததற்குக் காரணமாயிருந்தவர் இன்னொரு பெருமகனார். ஆயர் லியோ நாணயக்கார பெனடிக்ற் துறவற மரபினர். 1959 இல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயரானார். அந்நாளில் ஊவாவும் கண்டியின் கீழேயே இருந்தது. கண்டி என்பது பேராலயமும் கல்லூரிகளும் செல்வாக்கும் நிறைந்த நகரம். ஊவாவிலோ கத்தோலிக்கர் தொகை சொற்பம். அவர்களிலும் கணிசமானோர் பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர். 1972 டிசம்பரில் பதுளை, மொனறாகலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிப் பதுளை மறைமாவட்டம் தனியே அமைக்கப்பட்டபோது, லியோ ஆண்டகை கண்டியை விட்டு அந்த வறிய பங்கையே தமக்கு எடுத்துக்கொண்டார். பெரிய மறைமாவட்டத்தின் ஆயர் சிறியதொன்றுக்குத் தாமே இறங்கிச் செல்வது திருச்சபையின் நடைமுறையில் அரிதினும் அரிது. எமது அரசியல்வாதிகளில் எவரேனும் பெரிய அமைச்சை விட்டுச் சிறிய அமைச்சைக் கேட்டு வாங்கியதாக வாசகர்கள் அறிவார்களாயின் எமக்கு எழுதலாம்.

அவர் வந்த காலமோ கடினமானது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்கள் மாண்டிருந்தனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டப்புறங்களிலே பசிக்கொடுமை தலைவிரித்தாடியதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டப்பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் 1974 இல் உருவானது இந்தப் பின்னணியில்தான். கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தை நிறுவி, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின் கீழ் பணியாற்ற வழி செய்த இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் அதன் முன்னோடிகளில் ஒருவர். லியோ ஆண்டகையின் ஆதரவு இத்தகையோருக்கு இருந்தது.

பண்டாரவளையில் லியோ ஆண்டகை சேவக செவன என்னும் பெயரில் ஒரு குருமடத்தைத் தொடங்கினார். ஊழியரின் நிழல் என்று அதைத் தமிழாக்கலாம். அம்பிட்டியவைப் போன்ற மதிலும் மண்டபமுமில்லாத குருமடம் அது. மாணவர்கள் புத்தகம் படிப்பதோடு கிராமங்களிலும் தோட்டங்களிலும் சென்று மக்களுடன் தங்கிக் கற்க வேண்டும். கொழுந்துக் கூடையின் நிறையையும், மழைக்கால லயத்தின் ஒழுக்கையும், சேனைப் பயிரைப் பன்றி தின்றுவிட்ட விவசாயியின் மௌனத்தையும் அறியாத ஒருவர் அம்மக்களுக்குப் போதிக்கத் தகுதியுடையவரல்லர் என்பது அங்கு அடிப்படையாக இருந்தது. மாணவருக்கு அவரவர் தாய்மொழியே பயிற்சிமொழி. இந்தக் குருமடத்தை நடத்தும் பொறுப்பில் 1970களின் பிற்பகுதியில் மைக்கல் ரொட்ரிகோ அமர்ந்தார். குருமடக் கல்வி இவ்வாறு மாறுவதைத் திருச்சபைக்குள்ளேயே பலர் விரும்பவில்லை. ஆழமான கல்வி குறைந்துவிடும் என்ற அவர்களது அச்சத்தை நாம் முற்றாகத் தள்ளிவிட மாட்டோம். ஆனால் இரு கலாநிதிகளுக்குரிய அறிவை ஒருவரே கொண்டிருந்த ஆசிரியரின் முன்னால் அந்த வாதம் வலுவிழந்து போயிற்று.

1980 இல் அவர் இன்னுமொரு படி கீழிறங்கினார். பண்டாரவளையின் குளிரை விட்டு, எல்ல கணவாய் வழியே வெல்லவாயவுக்கு இறங்கி, கீழ் ஊவாவின் வறண்ட வெளியிலுள்ள புத்தலைக்கு வந்து, அலுகல்லவிட்ட என்னும் சிற்றூரில் குடியேறினார். கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் எமது யாத்திரிகர்கள் அந்தப் பிரதேசத்தின் வெயிலை அறிவர். மண்ணால் கட்டிய எளிய வீடு. இரு கன்னியர்கள் அப்பணியில் அவருடன் இணைந்தனர். அதற்குச் சுபசெத் கெதர என்று பெயரிட்டார். நல்வாழ்த்தின் இல்லம் என்பது அதன் கருத்து. ஆலயம் கட்டவில்லை, பாடசாலை கட்டவில்லை. கட்டியிருந்தாலும் வருவதற்கு ஆளில்லை. ஏனெனில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் பௌத்தக் கிராமங்கள்.

பௌத்த கிராமத்தில் ஒரு பாதிரியார் எதற்காகக் குடியேறுகிறார் என்ற ஐயம் அங்குள்ளோருக்கு எழுந்தது. அதற்கு வலுவான காரணமும் இருந்தது. வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல்கள் என்று பொருள். ஒருகாலத்தில் குளங்களாலும் வாய்க்கால்களாலும் செழித்திருந்ததாகச் சொல்லப்படும் அந்த மண்ணில்தான் பிரித்தானியருக்கு எதிரான 1817–1818 ஆம் ஆண்டுகளின் பெருங்கிளர்ச்சி மூண்டது. எமது முஸ்லிம் வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தவள மாடுகளில் பொதியேற்றி வணிகம் செய்த முஸ்லிம்கள் அன்று வெல்லஸ்ஸவின் வாழ்வோடு கலந்திருந்தனர். கண்டியத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து அவர்களைப் பிரித்து, ஹாஜி என அறியப்பட்ட ஒரு முஸ்லிமை அவர்களுக்கு முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தமை கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று. கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். ஒரு சமூகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தெடுத்து ஆளும் வித்தை அவ்வளவு பழையது. அதற்கு இரையாவோர் எப்போதும் சிறியவர்களே. கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளுக்குத் தீ வைத்தன. பயிர்களையும் கால்நடைகளையும் அழித்தன. கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெல்லஸ்ஸ அதன்பின் தலை நிமிரவேயில்லை. அடக்கியவர்கள் எந்த மதத்தினர் என்பதைக் கிராமத்து நினைவு மறந்துவிடவில்லை. மேல் ஊவாவின் மலைகளிலே பின்னாளில் காடழிக்கப்பட்டுக் கோப்பியும் தேயிலையும் நடப்பட்டு எமது முன்னோர் கொண்டுவரப்பட்டதும் அதே ஆட்சியின் கதையின் மறுபக்கம்தான்.

ரொட்ரிகோ இந்த வரலாற்றை மறுக்கவில்லை, அதற்காக வெட்கினார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர்களின் வரிசையில் தம்மை நிறுத்திக்கொண்டார். எவரையும் மதம் மாற்றுவதற்காகத் தாம் வரவில்லை என்பதை ஊராருக்கும் விகாரைகளின் பிக்குமாருக்கும் தெளிவாக்கினார். வெறும் வார்த்தையை ஊர் நம்பவில்லை. ஆண்டுகள் சென்ற பின்னரும் ஒருவர்கூட மதம் மாற்றப்படாததைக் கண்டபோது நம்பியது. நாளடைவில் பிக்குமார் அவருடைய நண்பர்களாயினர். இதனை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். சமயங்களுக்கிடையிலான உரையாடல் என்ற பெயரில் கொழும்பு ஹோட்டல்களில் மதத் தலைவர்கள் கூடி விளக்கேற்றிப் படமெடுத்துக்கொள்வதை நாம் எத்தனையோ தடவை கண்டுவிட்டோம். புத்தலையில் நடந்தது வேறு. வீடு வீடாகச் சென்று திண்ணையில் அமர்ந்து கேட்பதே அங்கு உரையாடலாக இருந்தது. பேசியவர்கள் விவசாயிகள். கேட்டுக் கற்றுக்கொண்டவர் கலாநிதி.

அங்கே அவர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் பெரிதாகத் தோன்றாது. மூலிகைகளைச் சேகரித்து வளர்த்தல், மறைந்துகொண்டிருந்த நாட்டு வைத்திய அறிவை முதியவர்களிடமிருந்து கேட்டறிந்து மீண்டும் ஊருக்கே வழங்குதல், சிறுவர்களின் போஷாக்கைக் கவனித்தல், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல், விவசாயிகளை ஒன்றுகூட்டித் தமது கடன் கணக்கைத் தாமே பார்க்கப் பழக்குதல் போன்ற சிறு வேலைகளே அவை. கால் கழுவுதலும் சிறு வேலைதான்.

ஆயினும் சிறு வேலை பெரிய இடங்களில் உறுத்தலாயிற்று. 1980களில் புத்தலையை அடுத்த பெல்வத்தையில் பிரித்தானியாவின் புக்கர் நிறுவனத்தின் பங்கேற்புடன் பெரும் சீனித் திட்டம் உருவானது. ஆயிரக்கணக்கான ஏக்கர் காடும் சேனை நிலமும் கரும்புத் தோட்டமாயின. நாட்டுக்குச் சீனி தேவை என்பது உண்மை, வேலைவாய்ப்பும் வந்தது. அதேவேளை சேனைக்காரர்கள் நிலத்தை இழந்தனர். குரக்கனும் சோளமும் விளைந்த மண்ணில் பணப்பயிர் வந்ததும் குடும்பத்தின் உணவு கடைக்கும் கடனுக்கும் மாறியது. மூலிகை தந்த காடும் போயிற்று. ரொட்ரிகோ இதனை வெளிப்படையாக எழுதினார், பேசினார். மேல் ஊவாவில் தேயிலை எதைச் செய்ததோ அதையே கீழ் ஊவாவில் கரும்பு செய்கின்றதென்பது அவருக்குத் தெரிந்தது. துரையும் கங்காணியும் வேறு பெயர்களில் வந்திருந்தனர். இங்குதான் மலையகத் தமிழனின் வரலாறும் வெல்லஸ்ஸச் சிங்கள விவசாயியின் வரலாறும் ஒன்றையொன்று தொடுகின்றன. இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரிகளெனக் கற்பித்து வந்த அரசியலுக்கு அந்தத் தொடுகை உகந்ததன்று.

1982 இல் லியோ ஆண்டகை காலமானார். ரொட்ரிகோவின் பின்னால் நின்ற பெருமரம் சாய்ந்தது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. 1987 ஜூலையில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானதும் தெற்கிலே மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சி தீவிரமடைந்தது. மொனறாகலைக் காடுகள் ஒரு பக்கம் ஆயுதமேந்திய இளைஞருக்கும் மறுபக்கம் அவர்களைத் தேடிய படையினருக்கும் களமாயின. ஏழை இளைஞர்கள் வந்துபோகும் வீடு என்பதால் சுபசெத் கெதர சந்தேகக் கண்கொண்டு பார்க்கப்பட்டது. மிரட்டல்கள் வந்தன. வெளியேறிவிடுமாறு நலம்விரும்பிகள் கேட்டுக்கொண்டனர். அவருக்குப் போக இடமில்லாமலில்லை. கொழும்பிலே சபையின் இல்லம் இருந்தது. ஐரோப்பாவில் மதிப்புடன் அழைத்துக்கொள்ளும் கல்விக்கூடங்கள் இருந்தன. ஊராருக்குத்தான் வேறு இடமில்லை.

போவதா, இருப்பதா என்ற அந்தக் கேள்வியை அவர் தனியே தீர்மானிக்கவில்லை. உடனிருந்தவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார். நவம்பர் 10 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மாலை, அந்த வீட்டின் சிறு அறையில் அவர்கள் திருப்பலிக்காகக் கூடியபோது அதுவே அவர்களுடைய சிந்தனையாகவும் செபமாகவும் இருந்தது. மக்களை விட்டுப் போவதில்லை என்ற பக்கமே மனம் சாய்ந்தது. மனிதரோடு கொண்ட உறவே பெரிதென்றும் மற்றதை இறைவனிடம் ஒப்படைப்போமென்றும் அவர் அங்கு பேசியதாக உடனிருந்தோர் பின்னர் எடுத்துரைத்தனர். திருப்பலி முடிவுறும் வேளையில் இருட்டிலிருந்து சாளரத்தினூடாக வெடி தீர்க்கப்பட்டது. தலையிலே காயமுற்ற அவர் அந்த இடத்திலேயே உயிர் நீத்தார். புதிய உடன்படிக்கையின் கிண்ணம் வைக்கப்பட்டிருந்த பலிபீடத்தின் மீது அவருடைய இரத்தம் சிதறியிருந்தது. அப்போது அவருக்கு அறுபது வயது.

உலகிலே இதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. 1980 மார்ச் 24 ஆம் திகதி எல் சல்வடோர் நாட்டின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ, மருத்துவமனைச் சிற்றாலயமொன்றில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுடப்பட்டார். ஏழை விவசாயிகளின் பக்கம் பேசியதே அவருடைய குற்றம். 2018 இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. ரொமேரோ தமது மதத்தவரான மக்களுக்காக மாண்டார். ரொட்ரிகோவோ தமது மதத்தைச் சாராதவர்களை, சாரவேண்டுமென்று தாம் ஒருபோதும் கேட்டிராதவர்களை விட்டு ஓட மறுத்து மாண்டார். இதனை ஒப்புநோக்கி எவர் பெரியவர் என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. எனினும் பல்சமய நாடொன்றில் வாழும் எமக்கு இரண்டாவது மரணம் கூடுதலான கேள்விகளை எழுப்புகின்றது.

தமிழ்ச் சமூகத்திற்கு அவர் நேரடியாக என்ன செய்தார் என்று சிலர் கேட்கக்கூடும். பண்டாரவளையில் அவருடைய பொறுப்பிலிருந்த மாணவர்கள் தோட்டங்களுக்குச் சென்று பணியாற்றினர் என்பதைச் சொல்லலாம். அதற்கு மேலாக ஒன்று உண்டு. இந்நாட்டின் சிங்களப் பெரும்பான்மையினுள்ளே, தன் பக்கத்தாரின் குற்றத்தைத் தன் குற்றமாக ஏற்று, எதிர்ப்பக்கத்தாரின் வாசலில் போய் அமர்ந்துகொள்ளும் மனிதர்களும் தோன்றினர் என்பதற்கு அவர் சாட்சி. அவரது காலத்திலேயே மலையகத்திலும் வடக்கு, கிழக்கிலும் அத்தகைய மனிதர்கள் கூடுதலாக இருந்திருப்பின் பல உயிர்கள் எஞ்சியிருக்கும். எம்மிடையே, தமிழரின் குற்றத்தைத் தமிழராக ஏற்று முஸ்லிம்களின் வாசலில் அமர்ந்தவர்கள் எத்தனை பேர்? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாட்களை எண்ணும்போது அந்தக் கேள்வி எமது பக்கத்துக்கும் திரும்புகின்றது.

கொலைக்குப் பின்னர் புத்தலைச் சுற்றுவட்டாரத்துப் பௌத்த மக்கள் தமது வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் துக்கித்தனர். ஆண்டுதோறும் நவம்பரில் அவரை அறிந்தவர்களும் அவருடைய எழுத்துகளைப் படித்தவர்களும் அவரை நினைவுகூருகின்றனர். கொன்றவர்கள் படையினரைச் சார்ந்தவர்களா, கிளர்ச்சியாளரைச் சார்ந்தவர்களா, கூலிக்கு வந்தவர்களா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானித்ததில்லை. 1987 முதல் 1989 வரை அந்த மாவட்டத்தில் மாண்ட எண்ணற்ற இளைஞர்களின் கோவைகளைப் போலவே அவருடைய கோவையும் மூடப்படாமலும் திறக்கப்படாமலும் கிடக்கின்றது.